கொழும்பு அறிக்கையை வெங்காயக் கணக்கோடு படிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துச் சுன்னாகப் பக்கத்தில் எங்கள் விவசாயிகள் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவன் நான். 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டப்படி நிதியமைச்சர் வர்த்தமானியில் (அரசிதழில்) இறக்குமதி அறவீட்டை, அதாவது வெளியிலிருந்து வரும் வெங்காயத்துக்கான வரியை, மாற்றினால், இங்கே சந்தையில் வெங்காய விலையும் ஆடிவிடும். அந்த மாற்றத்துக்கான வாதங்கள் சில, கொழும்புச் சிந்தனைக் குழாம்களின், அதாவது கொள்கை ஆராயும் நிறுவனங்களின், அறிக்கைகளில் முன்கூட்டியே இருக்கும். அவற்றைப் படிக்கப் பழகுங்கள்.

முதலில் பணம் யாருடையது என்று பாருங்கள். அத்தகைய குழாம்களில் ஒன்றான கொள்கை ஆய்வுகள் நிறுவகம் 1988 இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. இன்னொன்றான வெரிட்டே ரிசேர்ச் தனியார் நிறுவனம். அதற்காக ஒன்றை நம்பி மற்றதை ஒதுக்க வேண்டாம்.

பிறகு முடிவுரையை விட்டுவிட்டு அட்டவணைக்குப் போங்கள். சங்கதி அங்கேதான் இருக்கிறது. உற்பத்திச் செலவில் விதை வெங்காயம், உரம், கூலி எல்லாம் இருக்கும். நீர் இறைக்கும் மண்ணெண்ணெய் இருக்கிறதா? வீட்டுப் பெண்கள் புல்லுப் பிடுங்கிய நாட்களுக்குக் கூலி போட்டிருக்கிறார்களா? பெரிய வெங்காயத்தையும் சின்ன வெங்காயத்தையும் ஒரே பொருளாக எண்ணியிருந்தால் அந்த அட்டவணை நமக்கு உதவாது.

விடுபட்டதை உங்கள் செலவுக் கொப்பியிலிருந்து எடுத்து இரண்டு பக்கக் குறிப்பாக எழுதுங்கள். வசைபாட வேண்டாம், அதற்குத் தேநீர்க்கடை இருக்கிறது. அரசின் தரவு வேண்டுமானால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். குறிப்பை அறிக்கை எழுதியவருக்கே அனுப்பி, பிரதியை மாவட்டச் செயலகத்தில் கொடுங்கள். வரவுசெலவுத்திட்டம் பெரும்பாலும் நவம்பரில் வரும் என்பதால் ஆகஸ்டிலேயே அனுப்பிவிடுங்கள்.