காவல் நிலையத்தில் கொடுக்கும் விவரங்கள்: எல்லையோரத்தில் முதல்முறை செல்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

விடியற்காலையில் கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறுகிறவர்கள் ஒரே நாளில் இரண்டு மாநிலக் காவல்துறைகளின் எல்லைக்குள் நடமாடுகிறார்கள். கீழே தேனி மாவட்டம். மேலே இடுக்கி மாவட்டம். செல்போன் திருடு போனாலும், கூலித் தகராறு வந்தாலும், சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டாலும், எந்த விவரத்தைக் கொடுப்பது, கொடுத்தது பிறகு எங்கே போகிறது என்ற குழப்பம் அவர்களுக்கு வருவது இயல்பு. உத்தமபாளையத்தில் மனு எழுதித் தரும் வேலையைச் செய்பவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: விவரம் கொடுத்ததால் அவதிப்பட்டவர்களைவிட, கொடுத்ததற்கு ஒரு தாள்கூடக் கையில் இல்லாததால் அவதிப்பட்டவர்களே அதிகம். ஆகவே ஒவ்வொரு படியிலும் எந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை முதன்மையாகச் சொல்கிறேன்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்க உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. காவல்துறை நம் விவரத்தைக் கேட்கவே கூடாது என்பது இதன் பொருள் அன்று; கேட்பதற்குச் சட்டத்தின் அதிகாரமும், முறையான காரணமும், தேவைக்கு மேல் போகாத அளவும் இருக்க வேண்டும் என்பதே பொருள்.

படி 1: கிளம்புவதற்கு முன்

புகார் கொடுப்பதற்கு ஆதார் நகல் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் அடையாளத்துக்கு ஏதேனும் ஒன்றைக் கேட்பது வழக்கம் என்பதால், ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கும், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு நகலை எடுத்துச் செல்லுங்கள். நகலின் குறுக்கே, எழுத்தின் மீது படும்படி, "செல்போன் திருட்டுப் புகாருக்காக மட்டும்" என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிடுங்கள். ஓரத்தில் எழுதினால் அடுத்த நகலில் அதை மறைத்துவிடலாம். படத்தையும் முகவரியையும் தொட்டுக்கொண்டு போகும் எழுத்தை மறைக்க முடியாது.

படி 2: புகார் எழுதும்போது

குற்றம் மலைமேல் நடந்திருந்தாலும், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக இருந்தால் கீழே உள்ள நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது, நிலையத்தில் இதை "ஜீரோ எஃப்.ஐ.ஆர்." என்பார்கள் (எஃப்.ஐ.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை). வாய்மொழியாகச் சொன்னால் எழுதிக்கொண்டு படித்துக் காட்டுவதும், பதிந்த தகவலின் நகலை இலவசமாகத் தருவதும் அதே பிரிவில் உள்ள கடமைகள். மேலே உள்ள நிலையங்களில் ரைட்டர் (நிலைய எழுத்தர்) மலையாளத்தில் எழுதுவார்; பொருள் புரியும்வரை நிறுத்தி நிறுத்திப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பமிடுங்கள். தமிழ்நாட்டில் உடனே வழக்குப் பதியாவிட்டால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றதற்கான ரசீது, வாங்காமல் வெளியே வராதீர்கள்.

செல்போன் புகாரில் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) அவசியம், *#06# என்று அழுத்தினால் தெரியும் அந்த எண்ணை, போன் கையில் இருக்கும் இன்றே வீட்டு நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். புகார் நகல் கிடைத்தவுடன், மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் அந்தப் போனை முடக்கிவிடலாம். வங்கிக் கணக்கின் ரகசிய எண், ஓ.டி.பி., கடவுச்சொல் ஆகியவற்றை மட்டும் எந்தப் புகாரிலும் எழுத வேண்டாம். நன்றாக விசாரிக்கட்டும் என்று நினைத்து ஏ.டி.எம். ரகசிய எண்ணையே புகாரில் எழுதி வந்த ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏறும்போது

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, பதிவான முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இணைய வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. பாலியல் குற்றங்கள், போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகள், பயங்கரவாத வழக்குகள் போன்ற உணர்வுபூர்வமானவை இதில் சேராது. உங்கள் புகாரிலும் குடும்ப அந்தரங்கம் இருந்தால், அறிக்கையை ஏற்ற வேண்டாம் என்று அன்றே எழுத்தில் கேளுங்கள்; ஏற்றாமல் விடும் முடிவை எடுப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 72ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பெயரை மட்டும் மறைத்து, ஊரையும் தோட்டத்தையும் தகப்பனார் வேலையையும் எழுதிவிட்டால், சின்ன ஊரில் அது பெயரைச் சொன்னதற்குச் சமம்தான்.

படி 4: போனைக் கேட்டால்

இங்கே நிதானம் வேண்டும். சாவடியில் வண்டியைச் சோதிப்பது வேறு, உங்கள் போனைத் திறக்கச் சொல்லி வாட்ஸ்அப்பைப் புரட்டுவது வேறு. "ஐயா, இது எந்த வழக்குக்காக? எழுத்தில் தந்தால் ஒத்துழைக்கிறேன்" என்று மரியாதையாகக் கேட்கலாம். மின்னணுச் சாதனத்தையோ ஆவணத்தையோ வழக்கு விசாரணைக்காகக் கேட்பதற்கு, முன்பு சொன்ன குற்ற நடைமுறைச் சட்டத்தின் 94ஆவது பிரிவில் எழுத்து உத்தரவு என்ற வழி இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3)ஆவது பிரிவு சொல்கிறது. கடவுச்சொல் விஷயத்தில் வாதங்கள் பலவாறாக இருப்பதால், நீங்களே குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

போனைக் கைப்பற்றினால், அதற்கு எழுதும் மகஜர்தான், அதாவது கைப்பற்றிய பொருளை விவரித்துச் சாட்சிகள் முன் எழுதும் பதிவுதான், உங்கள் ஒரே பிடி. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அனுப்ப வேண்டும் என்று குற்ற நடைமுறைச் சட்டத்தின் 105ஆவது பிரிவு சொல்கிறது. சோதனையிடப்பட்ட இடத்துக்குரியவருக்குக் கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் நகல் தரப்பட வேண்டும். எங்கள் தெருப் பையன் ஒருவன் சாட்சியாக இருந்த வழக்கில் அவன் போனை வாங்கி வைத்தார்கள். பட்டியலில் எழுதியிருந்தது "கறுப்பு நிறச் செல்போன் ஒன்று" என்ற நான்கே சொற்கள். எட்டு மாதம் கழித்து நீதிமன்றம் மூலம் திரும்பி வந்தபோது சிம் இல்லை, மெமரி கார்டும் இல்லை. அவை உள்ளே இருந்தன என்பதற்கு எழுத்தில் ஒரு வரியும் இல்லாததால், நான் எழுதித் தந்த மனு எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஆகவே நிறுவனப் பெயர், ஐ.எம்.இ.ஐ. எண்கள் இரண்டும், சிம் எண்கள், மெமரி கார்டு, திரையில் எந்த மூலையில் விரிசல் என்பது வரை எழுதச் சொல்லுங்கள். போனை அணைத்து, உறையிலிட்டு, உங்கள் கண் முன்னே முத்திரையிடச் சொல்லுங்கள். போனிலிருந்து நகலெடுத்தால், அந்தத் தரவுக்குரிய ஹாஷ் மதிப்பைக் குறிக்கச் சொல்லுங்கள். அது தரவின் கைரேகை போன்றது; உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

படி 5: சாட்சியாக அழைத்தால்

பெண்கள், 15 வயதுக்குட்பட்டவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை வீட்டில்தான் விசாரிக்க வேண்டும்; தாமாக விரும்பினால் மட்டும் நிலையத்துக்குப் போகலாம். விசாரணையில் காவல்துறை எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையொப்பமிட வேண்டியதில்லை.

படி 6: கைது செய்யப்பட்டால்

2022ஆம் ஆண்டின் குற்ற நடைமுறை அடையாளச் சட்டம், 1920ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் இடத்தில் வந்தது. கைரேகை, உள்ளங்கை ரேகை, புகைப்படம், கருவிழிப் பதிவு, கையெழுத்து, உயிரியல் மாதிரி ஆகியவற்றை எடுக்க இது வழி தருகிறது. அப்பதிவுகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள, பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரானதல்லாத குற்றத்தில் கைதானவர் உயிரியல் மாதிரி தர மறுக்கலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர், மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து விடுதலையானால், நீதிமன்றம் எழுத்தில் காரணம் காட்டி வேறுவிதமாக உத்தரவிட்டாலொழிய, அவர் பதிவை அழிக்க வேண்டும். விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைத்து, மாநிலம் இதற்கென நியமித்துள்ள தொடர்பு அதிகாரிக்கு விண்ணப்பியுங்கள். விடுதலையான மகிழ்ச்சியில் இதை மறந்துவிட்டு, பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது நினைவு கொள்பவர்களே அதிகம்.

படி 7: விவரம் வெளியே போய்விட்டால்

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. குற்ற விசாரணைக்கான தரவுக்குச் சம்மதம் பெறுதல், கேட்டால் அழித்தல் போன்ற கடமைகளிலிருந்து அது விலக்கு அளித்தாலும், தரவைப் பாதுகாப்பாக வைக்கும் கடமைக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆகவே உங்கள் புகாரின் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால், திரைப்பிடிப்பு, பார்த்த தேதி, நேரம், அனுப்பியவர் எண் ஆகியவற்றைச் சேர்த்து மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும், இரு மாநிலங்களிலும் சட்டப்படி உள்ள காவல்துறைப் புகார் ஆணையத்துக்கும் நகல் போகட்டும்.

நிலையத்துக்குள்ளேயே தகாதது நடந்திருந்தால் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். 2020 டிசம்பர் 2 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தவும், பதிவுகளை 18 மாதங்களும், அதற்கான கருவி கிடைக்காத இடத்தில் குறைந்தது ஓராண்டும் பாதுகாக்கவும் உத்தரவிட்டது. "இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரை, வரவேற்பு மேசைப் பக்கத்துக் கேமராப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கக் கோருகிறேன்" என்று அதே வாரத்தில் எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் பெற்றவர் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.