சவாரி பூட்ஸுக்கு அளவெடுக்கும் முறை

ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் காலணித் தொழில் அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மலையேறி வி.கோட்டா, குப்பம் பக்கம் போனாலும் ஷூ வேலைக்கு ஆம்பூர் வந்து போகிறவர்களைப் பார்க்கலாம். ஆனாலும் முழங்கால்வரை உயர்ந்த குதிரைச் சவாரி பூட்ஸை உள்ளூரில் தைக்கக் கொடுப்பவரானாலும், சேணத் தொழிலுக்குப் பேர்போன கான்பூரிலிருந்து தருவிப்பவரானாலும், ஷூ நம்பரை மட்டும் சொல்லிவிட்டால் போதாது.

நடக்கும் பூட்ஸ் நின்றபடி பொருந்தினால் போதும். சவாரி பூட்ஸோ முழங்கால் மடங்கி, குதிகால் தாழ்ந்திருக்கும் நிலையில் பொருந்த வேண்டும். ஆகவே கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், சவாரிக்குப் போடும் கால்சட்டையையும் காலுறையையும் அணிந்து, நாற்காலியில் முழங்கால் செங்கோணமாக மடங்கும்படி உட்காருங்கள். பாதம் தரையில் படிந்திருக்க, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்புவரை உயரத்தையும், கெண்டைக்கால் மிகப் பருத்த இடத்தில் சுற்றளவையும் எடுக்க வேண்டும். நீங்களே குனிந்து எடுத்தால் டேப் நழுவும், சதையும் இறுகும். வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அரிது என்பதால், பருத்த காலின் அளவையே கணக்கில் கொள்ளுங்கள்.

பலரும் தவறுவது உயரத்தில்தான். புதுத் தோல் விறைப்பாக நிற்கும். பழகப் பழகக் கணுக்காலில் மடிப்பு விழுந்து, பூட்ஸ் 2 முதல் 5 செ.மீ. வரை இறங்கிவிடும். முதல் நாளே கச்சிதமாக இருப்பது பின்னர் குட்டையாகிவிடும் என்பதால், தொடக்கத்தில் முழங்காலின் பின்புறம் சற்று உறுத்துவதே சரி. உறுத்தல் தாளவில்லையென்றால், பழகும்வரை உள்ளே குதிகாலுக்கு அடியில் ஒரு மெத்தைத் துண்டு வைத்துக்கொள்ளலாம். கெண்டைக்காலிலும் இதே கதைதான்: ஜிப் சற்று முயன்றே ஏற வேண்டும், ஆனால் பாதம் மரத்துப் போகக் கூடாது.

பாதத்தில் விரல்கள் முன்னால் இடிக்காமல், குதிகால் தூக்கி அடிக்காமல் இருந்தால் சரி. சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதியான அங்கவடிக்குள் பாதம் முழுவதும் நுழைந்துவிடாமல் தடுக்க, பூட்ஸின் அடியில் ஏறத்தாழ 2.5 செ.மீ. உயரக் குதி (ஹீல்) அவசியம். ஆழமான பள்ளங்கள் கொண்ட மலையேற்ற ஷூவின் அடிப்பகுதி இதற்கு ஆகவே ஆகாது. விழும்போது கால் சிக்கிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். அங்கவடியின் உள்ளகலம் பூட்ஸின் அகலத்தைவிட 2.5 செ.மீ. அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், பழைய அங்கவடியையும் அளந்து பாருங்கள்.

வளரும் பிள்ளைகளுக்கு நீள பூட்ஸ் வீண் செலவு. குட்டை பூட்ஸும் கெண்டைக்கால் உறையும் போதும்.

பார்சல் வந்ததும் வீட்டுக்குள் பாய் விரித்து அதன் மேலேயே போட்டுப் பாருங்கள். அடிப்பகுதியில் மண் பட்டுவிட்டால் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்பது கடினம்.