குதிரை ஏறும் முன்: தோட்டத் திடலில் போலோ பழகும் முறை

குதிரை மேலிருந்து நீண்ட மட்டையால் பந்தடிக்கும் போலோ என்றால் துரைமார் விளையாட்டு என்று ஒதுக்குவது நம் பக்கத்து வழக்கம். அதில் பாதி உண்மை. 1859ல் அஸ்ஸாமின் சில்சாரில் போலோ கழகம் தொடங்கியவர்கள் தேயிலைத் தோட்டத் துரைமாரும் படை அதிகாரிகளும்தான். அவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது மணிப்பூர்க்காரர்கள். மட்டையின் காம்போ நம் காட்டில் விளையும் மானாவ் ரோத்தான், அதாவது பிரம்பு. ஆகவே கூச்சம் வேண்டாம்.

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை (இன்று பெஸ்தாரி ஜெயா), சுங்கை சிப்பூட், பகாவ் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு உண்மையான சிக்கல் வேறு. போலோ திடல் 300 கெஜ நீளம், ஓரத்தில் பலகை வைத்த திடலானால் 160 கெஜ அகலம். கிட்டத்தட்ட பத்து ஏக்கர். அதில் ஐந்நூறு செம்பனை நடலாம்! குதிரைக்கும் கோலாலம்பூர், பெக்கான் பக்கம்தான் போக வேண்டும். ஆனால் மட்டையைச் சுழற்றுவது, பந்தின் கோட்டைப் படிப்பது இரண்டையும் தமிழ்ப்பள்ளித் திடலிலேயே பழகிவிடலாம். குதிரை ஏறிய பிறகு இவற்றைக் கற்கப் புகுந்தால் பணமும் வீண், குதிரைக்கும் தொல்லை.

தரை மட்டை செய்தல்

மட்டை என்றதும் செம்பனை மட்டையை நினைக்க வேண்டாம். குதிரை மேலிருந்து அடிக்கும் மட்டை 48 முதல் 54 அங்குலம். தரையில் நின்று பழக 34 அங்குலம், அதாவது 86 செ.மீ. போதும்.

காம்புக்குக் கட்டைவிரல் பருமனுள்ள ரோத்தான். பச்சையாக இருந்தால் நிழலில் இரண்டு வாரம் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் வளையும். ஈரத்தோடு பொருத்தினால் காய்ந்து சுருங்கி, நாலாவது அடியில் தலை கழன்று பறக்கும். தலைக்கு உடைந்த ரப்பர் மர நாற்காலியின் கால் நல்லது. மரக்கடையில் மருந்தேற்றிய மரமாகத்தான் வந்திருக்கும். தோட்டத்தில் வெட்டிய பச்சை ரப்பர் கட்டையைப் பூச்சி விடாது. 20 செ.மீ. நீளம், 4.5 செ.மீ. விட்டம் அளவுக்கு அறுத்து, நடுவில் துளை போடுங்கள். துளை நேர்க்குத்தாக இருக்கக்கூடாது. காம்புக்கும் தலைக்கும் இடையே சுமார் 78 பாகை வரும்படி சாய்த்துத் துளைத்தால், காம்பு உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும்போது தலை தரையோடு படியும். காம்பின் நுனியைப் பிளந்து, துளையில் நுழைத்து, மர ஆப்பு அடித்து, பசை விடுங்கள். ஒரு நாள் தொடாதீர்கள்.

கைப்பிடியில் 2.5 செ.மீ. அகலப் பருத்திப் பட்டையை வளையமாகக் கட்டுங்கள். கட்டைவிரலை அதில் நுழைத்து, பட்டை புறங்கையைச் சுற்றி வரும்படி ஒரு முறுக்கு. அது இல்லாமல் சுழற்றினால் மட்டை பக்கத்தில் நிற்பவர் தலைக்குப் போகும்.

போலோ பந்து 7.6 முதல் 8.9 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக், எடை 99 முதல் 128 கிராம். கிடைக்காவிட்டால் டென்னிஸ் பந்து போதும். ஹாக்கிப் பந்து கைக்கு எளிதாகக் கிடைக்கும், ஆனால் 160 கிராம் அளவு கனம், மணிக்கட்டை வாட்டிவிடும்.

அடி

தலையின் நுனியால் அல்ல, நீண்ட பக்கத்தால்தான் அடிக்க வேண்டும். புதிதாகப் பிடிப்பவர்கள் இதில்தான் முதலில் தடுமாறுவார்கள். இடக்கைக்காரரும் வலக்கையால்தான் ஆட வேண்டும். காரணம் கீழே வருகிறது.

பந்தை வலது காலிலிருந்து 60 செ.மீ. தள்ளி, பாதத்துக்குச் சற்று முன்னால் வையுங்கள். இடது தோளை முன்னே திருப்பி, மட்டையைப் பின்னால் உயர்த்தி, முழங்கையை மடக்காமல் இறக்குங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம். ஊஞ்சல் போல மட்டை தன் எடையிலேயே வரட்டும். முதல் வாரம் இடுப்பளவு உயரத்திலிருந்து அரைச் சுற்று மட்டும். நாளுக்கு ஐம்பது அடி போதும்.

பந்தின் உச்சியைச் சீவிவிட்டுப் போனால், அடிக்கும் முன்பே கண் பந்தை விட்டு கோல் கம்பத்துக்குப் போய்விட்டது என்று பொருள். பந்து ரொம்ப முன்னால் இருந்தாலும் இதுதான் நடக்கும். மட்டை மேலேறும்போது படுகிறது. பந்து மண்ணில் குத்தித் துள்ளினால் அது பின்னால் இருக்கிறது. இடப்பக்கம் ஓடினால் மணிக்கட்டு உள்ளே திரும்புகிறது. இந்தக் கடைசிப் பிழையை உடனே திருத்துங்கள். குதிரை மேலிருந்து இதே அடி விழுந்தால் பந்து போவது குதிரையின் காலுக்கு.

பந்தின் கோடு

ஆட்டத்தின் உயிர் இங்கேதான். அடித்த பந்து போகும் பாதையை முன்னும் பின்னும் நீட்டி ஒரு கோடு இருப்பதாகக் கொள்ளுங்கள். பந்தைத் தன் வலப்பக்கம் வைத்து அந்தக் கோட்டோடு வருபவருக்கே வழியுரிமை. மோதல் ஏற்படும்படி அவர் முன்னே குறுக்கே போனால் தவறு.

இருவர் எதிரெதிரே வந்தால்? இருவரும் கோட்டைத் தத்தம் வலப்பக்கம் வைக்க வேண்டும். நம் சாலையில் எதிரே வரும் லாரி நமக்கு வலப்பக்கமாகக் கடக்கிறதே, அதே கணக்கு. ஒருவர் மட்டும் இடக்கையில் மட்டை பிடித்தால் பந்தை இடப்பக்கம் வைப்பார். இரண்டு குதிரைகளும் நேருக்கு நேர் முட்டும்.

இதைச் சைக்கிளில் பழகுங்கள். கேலி செய்பவர்களுக்கு ஒரு செய்தி: 1908 லண்டன் ஒலிம்பிக்கில் சைக்கிள் போலோ காட்சி ஆட்டமாகவே இடம்பெற்றது. இடது கை மட்டுமே பிடியில் இருக்கும் என்பதால், பின் சக்கர பிரேக் இடப்பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் தலைகுப்புற விழுவீர்கள். தலைக்கவசம் கட்டாயம்.

திடலில் சுண்ணாம்பால் முப்பது மீட்டர் கோடு போட்டு, ஒருவர் அதன் மேல் பந்தை மெல்ல உருட்டட்டும். ஒருவர் பின்னால் தொடர, இன்னொருவர் பக்கவாட்டில் வர வேண்டும். பக்கவாட்டில் வருபவர் பந்தை நோக்கிப் பாய்வார்; எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். அவர் கோட்டுக்கு இணையாகத் திரும்பி, பந்தைத் தொடர்பவரோடு ஒரே வேகத்துக்கு வந்த பிறகே நெருங்கலாம். குதிரையில் இதுவே தோளோடு தோள் தள்ளுவது. அடி விழுந்ததும் கோடு மாறும். அந்த நொடியே “கோடு!” என்று கத்தச் சொல்லுங்கள். பத்து நாளில் கண் பழகிவிடும்.

எதிராளியின் மட்டையை உங்கள் மட்டையால் மறிக்கலாம். ஆனால் அவர் குதிரைக்குப் பந்து இருக்கும் பக்கத்திலோ நேர் பின்னாலோ நீங்கள் இருக்க வேண்டும். தோளுக்கு மேல் உயர்ந்த மட்டையைத் தொடக்கூடாது.

பீப்பாய்க் குதிரை

200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று, 1.5 மீட்டர் மரக்கால் நான்கு. களைக்கொல்லி வந்த பீப்பாய் வேண்டவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் நம்பக்கூடாது. காலி எண்ணெய்ப் பீப்பாயில் வெல்டிங்கும் வைக்காதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். கால்களை 60 செ.மீ. மண்ணில் புதைத்து, பீப்பாயை மேலே படுக்க வைத்து இரும்புப் பட்டையால் இறுக்குங்கள். முதுகு ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு வரும். போலோ குதிரையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கால்கள் பீப்பாய்க்கு வெளியே நீட்டினால் மட்டை அதில் அடிபட்டு முறியும்.

பழைய கார் பெல்ட்டில் மிதிவளையம் தொங்கவிடுங்கள். மிதித்து எழுந்தால் உட்காருமிடத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கைமுட்டி நுழைய வேண்டும். இங்கே 52 அங்குல மட்டை.

குதிரையில்

ஒரு கையில் கடிவாளம் பிடித்து, விழாமல் ஓட்டத்தில் போக வரும்வரை மட்டையைக் கையில் எடுக்காதீர்கள். நிலை தடுமாறும்போது கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குபவர் குதிரையின் வாயைப் புண்ணாக்குகிறார். பிறகு அது யார் கைக்கும் அடங்காது. குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். அந்தக் குதிரையின் குணம் அவருக்குத்தான் தெரியும்.

ஆட்டத்தின் ஒரு பகுதிக்குச் சக்கர் என்று பெயர்; ஒரு சக்கர் 7 நிமிடம். அணிக்கு நால்வர். புதியவரைப் பெரும்பாலும் முன்னால் ஆடும் 1ஆம் எண்ணில் நிறுத்துவார்கள்; எதிரணியில் பின்னால் நின்று காக்கும் 4ஆம் எண்ணை விடாமல் ஒட்டிப் போனால் போதும். ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் பக்கம் மாறும். அதை மறந்து சொந்தக் கோலை நோக்கி ஓட்டாத புதியவர் குறைவு. பாதி ஆட்டத்தில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திடலில் இறங்கி, குளம்பு பெயர்த்த புல்கட்டிகளைப் பச்சை மேலே வரும்படி திருப்பி மிதிப்பார்கள். நீங்களும் போய் மிதியுங்கள். மழை விட்ட மாலையில் அப்படி ஒரு குழியை விட்டுவைத்தால், அடுத்த சக்கரில் ஏதோ ஒரு குதிரையின் கால் அதில்தான் இறங்கும்.