ரத்தக்குழாயின் சர்க்கரைப் போர்வையும் செல்லின் சட்டகமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தக்குழாயின் உட்சுவரில் எண்டோதீலியல் செல்கள் ஒரே அடுக்காகப் பரவியிருக்கின்றன. அவற்றின் மேல், ரத்தம் ஓடும் பக்கத்தில், கிளைகோகேலிக்ஸ் என்ற சர்க்கரைப் போர்வை இருக்கிறது. புரதத் தண்டுகள், அவற்றிலிருந்து நீளும் சர்க்கரைச் சங்கிலிகள், இடையில் ஏராளமான நீர், பிளாஸ்மாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஆல்புமின் என்ற புரதம் ஆகியவை சேர்ந்ததுதான் அந்தப் போர்வை. செல்லுக்குள் ஆக்டின் இழைகளும் நுண்குழல்களும் கொண்ட சட்டகம். நடுவில் மெல்லிய செல் சவ்வு. ரத்த ஓட்டத்தின் விசை போர்வை வழியாகச் சட்டகத்தை அடைகிறது என்பது வரை பலரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். எப்படி அடைகிறது என்று கேட்டால்தான் குழப்பம் தொடங்குகிறது.

ரத்தம் செல் சவ்வை நேராக உரசிக்கொண்டு போகிறது என்று நினைப்பது முதல் தவறு. தமனிகளில் சுவர் மீதான உராய்வு விசை பொதுவாக 1 முதல் 2 பாஸ்கல் வரை இருக்கும். அதைப் போர்வையின் மேற்பகுதியே தாங்கிக்கொள்கிறது. உள்ளே போகப் போக ஓட்டம் அநேகமாக நின்றுவிடுகிறது, சவ்வின் மீது திரவம் நேரடியாகத் தரும் உராய்வு மிகச் சொற்பம். அப்படியானால் விசை எங்கே போனது? காற்று கிளையைத் தள்ளினால் வேர்ப்பகுதி மண்ணை நெம்புகிறது அல்லவா, அதுபோலத் தண்டுகளின் அடியில் நெம்பும் விசையாக இறங்குகிறது. ஷெல்டன் வைன்பாமும் சக ஆய்வாளர்களும் 2003-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். மறு ஆண்டு அதே குழுவினர் வளர்ப்புச் செல்களில் சோதித்தார்கள். போர்வை நன்றாக இருந்தபோது, சில மணி நேர ஓட்டத்தில் செல்லின் ஓரத்தைச் சுற்றியிருந்த அடர்த்தியான ஆக்டின் பட்டை கலைந்து, குறுக்கே அழுத்த இழைகள் என்ற ஆக்டின் கட்டுகள் உருவாயின. போர்வையைச் சிதைத்த செல்களிலோ, அதே ஓட்டத்திலும் அந்தப் பட்டை பெரும்பாலும் அப்படியே இருந்தது.

இரண்டாவது தவறுதான் என் பார்வையில் மிகப் பெரியது. போர்வைக்கும் சட்டகத்துக்கும் நடுவே ஒரே வகை இணைப்புதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. உண்மையில் குறைந்தது மூன்று வழிகள் உண்டு. சிண்டிகன் என்ற புரதத் தண்டு சவ்வை ஊடுருவி உள்ளே வருகிறது, அதன் உள்வால் எஸ்ரின் போன்ற புரதங்கள் வழியாக ஆக்டினோடு இணைகிறது. கிளிப்பிகன் என்ற இன்னொரு தண்டுக்கு உள்வாலே கிடையாது. சவ்வின் வெளிப்புறத்தில் ஒரு கொழுப்பு நங்கூரத்தால் ஒட்டிக்கொண்டு, ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி இருக்கும் சவ்வுப் பகுதிகளிலேயே இதுவும் இருக்கிறது. ஹயலூரோனன் சங்கிலிக்குத் தண்டுப் புரதமே இல்லை. அதை சிடி44 என்ற ஏற்பி பிடித்து வைத்திருக்கிறது, அந்த ஏற்பி உள்ளே ஆக்டினோடு தொடர்பு கொள்கிறது.

இந்த வேறுபாட்டின் விளைவு சோதனைகளில் தெளிவாகத் தெரிகிறது. 2014-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கிளிப்பிகன்-1 உற்பத்தியைக் குறைத்தபோது ஓட்டத்தால் நைட்ரிக் ஆக்சைடு நொதி தூண்டப்படுவது நின்றது, ஆனால் செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசையாகத் திரும்புவது தொடர்ந்தது. சிண்டிகன்-1 உற்பத்தியைக் குறைத்தபோது நேர்மாறு: திசை திரும்புவது நின்றது, நொதி தூண்டப்படுவது தொடர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு ஆய்வு, 30 நிமிட ஓட்டத்திலேயே கிளிப்பிகன்-1 சவ்வில் நகர்ந்து ஒன்று சேர்வதையும், ஆக்டின் பிடித்து வைத்திருக்கும் சிண்டிகன்-1 இடம் மாறாமல் நிற்பதையும் காட்டியிருந்தது. எனக்கு இந்த முடிவுகள் மிக அழகாகத் தோன்றுகின்றன. ஒரே காட்டில் நிற்கும் இரண்டு மரங்கள், ஒன்றுக்கு மட்டும்தான் ஆழமான வேர்.

சரி, இதிலிருந்து வரும் எச்சரிக்கை என்ன? ஹெப்பரினேஸ் நொதி சேர்த்த சோதனையைப் படித்துவிட்டு, போர்வை முழுவதும் நீங்கிவிட்டது என்று எழுதாதீர்கள். அந்த நொதி, போர்வையின் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒரு வகையான ஹெப்பரான் சல்பேட்டை மட்டும் வெட்டும். தண்டுப் புரதங்கள் நிற்கும், ஹயலூரோனன் இருக்கும். அந்தச் சங்கிலிகள் சிண்டிகன், கிளிப்பிகன் இரண்டிலும் இருப்பதால், பாதிப்பு எந்த வழியில் வந்தது என்று இந்த ஒரு சோதனையால் சொல்ல முடியாது.

போர்வை ஒன்றே எல்லாவற்றையும் உணர்கிறது என்று எழுதுவதும் மிகைதான். 2007-ல் வந்த ஆய்வில் ஹெப்பரான் சல்பேட்டை நீக்கியபோது நைட்ரிக் ஆக்சைடு குறைந்தது, ஆனால் ஓட்டத்தால் தூண்டப்படும், ரத்தக்குழாயை விரிக்கும் இன்னொரு பொருளான புரோஸ்டாசைக்ளின் குறையவில்லை. செல்களின் இணைப்பிடங்களில் உள்ள புரதக் கூட்டும் சவ்வில் உள்ள பியெசோ1 என்ற அயனி வாயிலும் தனியாக விசையை உணர்கின்றன.

அடுத்து, அளவீடுகள். 1966-ல் ஜான் லுஃப்ட் ருத்தீனியம் சிவப்பு சாயத்தால் இந்தப் போர்வையை மின்னணு நுண்ணோக்கியில் காட்டியபோது அது சில பத்து நானோமீட்டர் அளவில்தான் தெரிந்தது. 1996-ல் விங்க், டூலிங் இருவரும் உயிருள்ள வெள்ளெலியின் தந்துகிகளில் அளந்தபோது ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் கிடைத்தது. பெரும்பகுதி நீராலான அடுக்கு, திசுவைப் பதப்படுத்தி உலர்த்தும்போது சுருங்கிவிடும். 2008-ல், வளர்ப்புத் தட்டில் உள்ள செல்களின் போர்வை உயிருள்ள குழாயில் இருப்பதைவிட மிக மெல்லியது என்றும் காட்டினார்கள். ஆகவே ஒரு தடிமனைப் படித்தால், செல்கள் எங்கே இருந்தன, ஓட்டம் இருந்ததா, ஊடகத்தில் ஆல்புமின் இருந்ததா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இந்தப் போர்வை தடிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ரத்த குளுக்கோஸைச் சில மணி நேரம் உயர்த்தி வைத்தபோது, போர்வையின் மொத்த அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என 2006-ல் ஒரு ஆய்வு சொன்னது. இந்தச் சங்கிலிகளைச் செல் தானே தயாரிக்கிறது, ரத்த குளுக்கோஸ் வந்து படிந்து அவை உருவாவதில்லை.

அப்புறம், தொடர்பு ஒருவழிப் பாதையும் கிடையாது. ஆக்டின் சிண்டிகனை இடத்தில் நிறுத்துகிறது என்று பார்த்தோம். சிண்டிகனின் வெளிப்பகுதியைச் சவ்வுக்கு அருகில் நொதிகள் வெட்டிவிட்டால் அது ரத்தத்தில் கலக்கிறது, உள்வால் செல்லோடு தங்கிவிடுகிறது. கடும் நோய்த்தொற்றிலும் பெருங்காயத்திலும் ரத்தத்தில் சிண்டிகன்-1 உயர்வதை மருத்துவர்கள் அளக்கிறார்கள். போர்வை உதிர்கிறது என்பதற்கு அது அடையாளம்தான். ஆனால் எந்த உறுப்பின் குழாயில் உதிர்ந்தது, அங்கே உள்ளே இருக்கும் ஆக்டின் என்ன நிலையில் இருக்கிறது என்பதை அந்த எண்ணிலிருந்து படிக்க முடியாது. சிண்டிகன்-1 எண்டோதீலியத்தில் மட்டும் இருப்பதும் இல்லை, உடலின் பரப்புகளை மூடும் எபிதீலியச் செல்களிலும் நிறைய உண்டு.