பழைய ஆவணங்களில் ‘ஷுல்தைஸ்’ பதவியை இனங்காணும் முறை

ஜெர்மானிய ஊர் ஆவணங்களை ஆராய்பவர் முதலில் ‘ஷுல்தைஸ்’ என்னும் ஊர்த்தலைவர் பட்டத்தின் உட்பொருளை மனத்தில் கொள்ள வேண்டும். ‘ஷுல்ட்’ என்பது கடனையும் கடமையையும், ‘ஹைசன்’ என்பது ஆணையிடுதலையும் குறிப்பதால், செலுத்த வேண்டியதைச் செலுத்துமாறு மக்களுக்கு ஆணையிட்டவரே இப்பெயரைப் பெற்றார். அடுத்து, ஆவணத்தின் மொழியைக் கவனியுங்கள். லத்தீன் ஏடுகளில் அவர் ‘ஸ்குல்தேத்துஸ்’ ஆகவும், இத்தாலியில் ஆண்ட லொம்பார்டிய மன்னர் ரோத்தாரி 643இல் வெளியிட்ட சட்டத்தொகுப்பில் ‘ஸ்குல்தாஹிஸ்’ ஆகவும், டச்சு மொழியில் ‘ஸ்ஹவுட்’ ஆகவும் தென்படுவார்.

பின்னர் இடத்தையும் காலத்தையும் சேர்த்து எடைபோடுங்கள். கடினமான பகுதி இதுதான். எல்பே ஆற்றுக்குக் கிழக்கே, இடைக்காலத்தில் குடியேறிகளைத் திரட்டிவந்து புதிய ஊர்களை நிறுவியவருக்கே பெரும்பாலும் இப்பதவி பரம்பரை உரிமையாக, நிலத்துடனும் ஊர் நீதிமன்றத் தலைமையுடனும், அபராத வருவாயில் ஒரு பங்குடனும் அளிக்கப்பட்டது. ஆகவே அங்கே அவரை வெறும் நியமன அலுவலர் என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது.

ஷுல்ட்ஸ், ஷோல்ட்ஸ் ஆகிய குடும்பப்பெயர்கள் இப்பட்டத்திலிருந்து பிறந்தவையே. ஆயினும் பெயர் ஒன்றை மட்டுமே வைத்து மூதாதையர் பதவி வகித்தனர் எனக் கொள்ள இயலாது. போலந்தின் ஊர்களில் ‘சோவ்திஸ்’ என்ற வடிவில் இப்பதவிக்கு இன்றும் தேர்தல் நடைபெறுகிறது.