நேமோவை நேசிப்பவர்கள் செய்யும் தவறுகள்

மொரீஷியஸில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் கிரியோல் பேசி, கோயிலில் தமிழ் கேட்டு, கதைகளைப் பிரெஞ்சில் படித்து வளர்கிறோம். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்ன் எழுதிய 'கடலடியில் இருபதாயிரம் லீக்' நாவல் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன் நேமோவின் கதை அது. முப்பது வருடமாக அது என் தலைமாட்டில் இருக்கிறது.

தலைப்பை ஆழம் என்று நினைப்பது சின்னத் தவறு. இருபதாயிரம் லீக் ஏறத்தாழ 80,000 கி.மீ.; பூமியின் விட்டமே 12,700 கி.மீ.தான். நாட்டிலஸ் கப்பல் கடந்த தூரம் அது. மொழிபெயர்ப்பாளரின் பிழையை வேர்ன் தலையில் கட்டுவது இன்னொன்று. 1870களில் வந்த ஆங்கிலப் பதிப்பு கதையில் ஏறத்தாழ கால் பகுதியை வெட்டியது. எஃகு நீரைவிட இலேசானது என்றும் அச்சிட்டது. பிரெஞ்சு மூலத்தில் கணக்கு சரியாகவே இருக்கிறது.

நாவலைக் குறை சொன்னால் நம்மையே சொன்னதாக எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு பெண் பாத்திரம்கூட இல்லையே என்று ஒரு தோழி சொன்னபோது ஒரு மணி நேரம் வாதாடினேன். நேமோவின் அறைச்சுவரில் ஓர் இளம்பெண்ணும் இரு குழந்தைகளும் இருக்கும் படம் உண்டு, அவ்வளவுதான். அவள் சொன்னது சரி.

"அந்தக் காலம் அப்படி" என்று எல்லாவற்றையும் மூடிவிடுவதுதான் பெரிய தவறு. நாட்டிலஸ் தென்துருவத்தை அடைகிற கற்பனைக்கு அந்தச் சமாதானம் பொருந்தும். மனிதர் அங்கே கால் வைத்தது 1911இல்தான். ஆனால் ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணையில் கப்பல் பாறையில் சிக்கி நிற்கும் இடத்தைப் பாருங்கள். கரையிலிருந்து வரும் பப்புவா மக்களைக் கதைசொல்லி அரோனாக்ஸ் காட்டுமிராண்டிகள் என்கிறார். காட்டுமிராண்டிகள் எங்கேதான் இல்லை, இவர்கள் மற்றவர்களைவிட மோசமா என்று நேமோ திருப்பிக் கேட்கிறார். கேள்வி அந்தக் காலத்திலேயே, அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது! அதே நேமோ பிறகு ஏணிக் கைப்பிடியில் மின்சாரம் பாய்ச்சுகிறார், அவர்கள் அலறி ஓடுகிறார்கள். கேட்கத் தெரிந்த எழுத்தாளர் அந்தக் கேள்வியைப் பாதியில் விட்டார். அதற்குக் காலத்தைப் பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்காகப் புத்தகத்தையே தூக்கிப் போட்டால் மன்னார் முத்துப்படுகையை இழந்துவிடுவோம். காலில் கல்லை வைத்து மூழ்கும் ஏழை முத்துக்குளிப்பவர் மேல் சுறா பாய்கிறது. நேமோ வெறும் கத்தியோடு குறுக்கே போகிறார். அவரை மேலே கொண்டுவந்து உயிர்ப்பித்து, ஒரு பை நிறைய முத்துகளைக் கையில் கொடுக்கிறார். அவர் ஒடுக்கப்பட்ட நாட்டவர், கடைசி மூச்சுவரை நானும் அந்த நாட்டவனே என்று பிறகு அரோனாக்ஸிடம் சொல்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

போன மாதம் ரோஸ் ஹில் வீட்டில் அக்கா மகளுக்கு இதைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன்.

"அந்த முத்துக்குளிக்கிற ஆள் பேர் என்ன, மாமா?"

"புத்தகத்துல இல்லம்மா."

"அவர் ஒண்ணுமே பேசலையா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, சுறா வரும் இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.