தும்பு ஆலைத் தொழிலாளர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி: முதல் பாடம்

குமரி மாவட்டத்தில் ஈத்தாமொழி, இராஜாக்கமங்கலம் பகுதிகளில் உள்ள தும்பு ஆலைகளில், கதம்பலிலிருந்து (தேங்காய் மட்டையிலிருந்து) பிரித்து உலர்த்திய நார் ஆள் உயரத்துக்கும் மேலாகக் குவிந்து கிடக்கும். அதில் பற்றிய தீ, மேலே சுவாலை அடங்கிய பின்பும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் என்பதைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்துச் சிதறியதற்கும், பஞ்சுப் பொதிகளுக்குள் பிடித்த தீயை எவ்வளவு நீர் பாய்ச்சியும் அணைக்க முடியாமற்போனதே காரணம். அதில் உயிர்நீத்த வீரர்களின் நினைவாகவே அந்நாள் தீத்தொண்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

முதற்படி, தீ பிடிக்காமல் காப்பது. எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால்தான் தீ உண்டாகும். ஆலையில் நாரையும் காற்றையும் விலக்க முடியாது என்பதால், வெப்பத்தைத்தான் நாம் கட்டுப்படுத்த வேண்டும். மோட்டாரின் மீதும் சுவிட்ச் பலகையின் உள்ளேயும் படியும் தும்புத் தூசியை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு நாள்தோறும் துடைத்தெடுங்கள். தண்டில் நார் சுற்றிக்கொண்டால் பேரிங் சூடேறிக் கருகல் வாடை வரும். அந்த வாடை வந்த உடனேயே இயந்திரத்தை நிறுத்துங்கள். வெல்டிங் வேலை நடக்கும் இடத்திலிருந்து பத்து மீட்டர் தொலைவுக்கு நாரை அப்புறப்படுத்துவதுடன், வேலை முடிந்த பின்பும் அரை மணி நேரமாவது ஒருவர் அங்கே காவலிருக்க வேண்டும். பீடியும் தீப்பெட்டியும் வாயிற்கதவைத் தாண்டக் கூடாது.

அடுத்து, தீயைக் கண்டால் உரக்கக் கூவி மற்றவர்களை வெளியேற்றுங்கள்; மெயின் சுவிட்சை அணையுங்கள்; 101 அல்லது 112 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். தீயணைப்பானை எடுப்பது இவற்றுக்குப் பின்புதான்.

திட, திரவ, வாயுத் தீ மூன்றுக்கும் ஏற்ற ஏபிசி உலர்தூள் கருவியானால், அளவுமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு ஊசியை இழுக்கும்போது கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் ஊசி இறுகி வராது. எனவே உருளையைப் பிடித்துக்கொண்டு ஊசியைச் சற்றுத் திருகி உருவுங்கள். வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு இரண்டு மீட்டர் தள்ளி நின்று, சுவாலையின் உச்சிக்கு அல்லாமல் அடிப்பகுதிக்குக் குறிவைத்து, இடமும் வலமுமாக வீசிப் பீய்ச்சுங்கள். முற்றத்தில் உலரும் நார் எரிந்தால் காற்று வரும் திசையில் நில்லுங்கள். கடற்காற்று தீயை எதிர்ப்பக்கம் நிற்பவர் மீது நொடியில் திருப்பிவிடும். ஆறு கிலோ கருவி அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் தீ அடங்காவிட்டாலும், புகை சூழ்ந்தாலும், கருவியைப் போட்டுவிட்டு வெளியேறுங்கள்.

சுவாலை அடங்கிய பின்பே உண்மையான வேலை தொடங்குகிறது. தூள் குவியலின் மேற்பரப்போடு நின்றுவிடும். ஆகவே மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்துகொண்டு, நீண்ட கொக்கியால் நாரைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்துப் பரப்பி, அடிவரை நனையும்படி நீர் ஊற்றுங்கள். வெளிப்புறம் குளிர்ந்திருந்தாலும் உள்ளே கங்கு இருக்கக்கூடும் என்பதால், இரவு முழுவதும் ஒருவர் அருகிலிருந்து கவனிப்பது நல்லது. பயன்படுத்திய கருவியை, ஒரு நொடியே பீய்ச்சியிருந்தாலும், மீண்டும் நிரப்பாமல் சுவரில் மாட்டாதீர்கள்.